மருந்தும் இரைவிழுங்கியும்: எது எதற்கு வழிவிட வேண்டும்?

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள பிளான்ட் சிட்டி, குளிர்கால ஸ்ட்ராபெர்ரிக்குப் பேர்போன ஊர். செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் நாற்று நடுவார்கள். மார்ச் வரை பழம் பறிப்பார்கள். அந்த வயல்களை இப்போது அலைக்கழிக்கும் பூச்சி நமக்குப் புதியதல்ல. நம் மிளகாய்த் தோட்டங்களில் இலையை மேல்நோக்கிச் சுருட்டும் அதே மிளகாய் இலைப்பேன்தான் அது. 1919இல் ஹூட் என்ற பூச்சியியலாளர் அதற்கு அறிவியல் பெயர் சூட்டியதே தென்னிந்தியாவில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டுதான். 2005இல் புளோரிடாவில் நிலைகொண்ட அது, பின்னர் ஸ்ட்ராபெர்ரியையும் பற்றியது. புதிதாக நட்ட கன்றின் துளிரை அது சுரண்டி உறிஞ்சினால் நரம்புகள் கருத்து, இலை சுருங்கி, செடி வளராமல் நின்றுவிடும்.

இதற்குத் தீர்வாக, இலைப்பேனைத் தின்னும் உயிரிகளை வயலில் விடுவதும் தேர்ந்த பூச்சிக்கொல்லி தெளிப்பதும் இணைந்த முறை முன்வைக்கப்படுகிறது. ஒன்று தவறவிட்டதை மற்றது பிடிக்கும் என்ற நம்பிக்கை இதன் அடித்தளம். நம்பிக்கை சரியானதுதான். ஆனால் இரண்டையும் சேர்ப்பது வேறு, இசைவிப்பது வேறு.

இந்தச் சிந்தனையின் வேர் 1959இல் இருக்கிறது. கலிபோர்னியாவின் குதிரைமசால் வயல்களில் அசுவினியோடு போராடிய ஸ்டெர்ன், ஸ்மித், வான் டென் பாஷ், ஹேகன் ஆகிய நால்வர் ‘ஒருங்கிணைந்த கட்டுப்பாடு’ என்ற கருத்தை அவ்வாண்டு முறையாக வகுத்தனர். இயற்கை எதிரிகளால் சமாளிக்க முடியாதபோது மட்டும், அந்த எதிரிகளைக் குலைக்காத வகையில் மருந்து வர வேண்டும் என்பது அதன் சாரம். அதாவது வயலின் காவல் இரைவிழுங்கிகளுடையது. மருந்து அதற்குத் துணை.

முறையின் பலம் இலைப்பேனின் வாழ்க்கைச் சுழற்சியைப் பார்த்தால் விளங்கும். தாய்ப்பூச்சி இலைத் திசுவைக் கீறி உள்ளே முட்டையைச் செருகுகிறது; தெளிப்பு அங்கே எட்டாது. கூட்டுப்புழுப் பருவம் சருகிலும் மண்ணிலும் இடுக்குகளிலும் கழிகிறது, அங்கும் எட்டாது. இன்று தெளித்தாலும், மறைந்திருந்தவை சில நாட்களில் வெளிவந்துவிடும். மறுபுறம், புளோரிடாவில் விடப்படும் ஸ்விர்ஸ்கி என்னும் இரைவிழுங்கிச் சிலந்திப்பேன் முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழுக்களை நாள்தோறும் தேடித் தின்னும். ஆனால் முதிர்ந்த இலைப்பேன் அதன் பிடிக்கு அவ்வளவாகச் சிக்காது. முதிர்ந்தவை கூட்டமாக வந்து இறங்கும் வேளையில் மருந்து சுமையைக் குறைக்கிறது. அதன்பின் பிறப்பவற்றைச் சிலந்திப்பேன் பார்த்துக்கொள்கிறது. இந்த வேலைப் பங்கீடு நடக்கும் இடத்தில் தெளிப்புகள் குறைகின்றன.

தெளிப்பு குறைவதில் இன்னொரு நன்மையும் உண்டு. இலைப்பேனின் ஆண்கள் கருவுறாத முட்டையிலிருந்து, ஒற்றை மரபணுத் தொகுதியோடு பிறக்கின்றன. எதிர்ப்புத் திறன் தரும் மரபணு அவற்றில் மறைந்திருக்க வழியில்லை; அது இல்லாத ஆண்கள் மருந்தில் மடிய, உள்ளவை பெருகும். ஸ்பினோசாட் என்ற மருந்து ஒரு காலத்தில் பெரும் நம்பிக்கையாக இருந்தது. 2000களில் ஸ்பெயினின் தென்கிழக்குப் பசுமைக்குடில்களில் மேற்கத்திய மலர் இலைப்பேன் என்ற இன்னோர் இனம் அதையும் தாங்கிப் பழகிவிட்டது. மருந்தை எவ்வளவு சிக்கனமாகப் பயன்படுத்துகிறோமோ அவ்வளவு காலம் அது பலிக்கும்.

இனி குறைகள். முதலாவது காலக்கணக்கு. பைரித்ராய்டு வகை மருந்தின் எச்சம் இலையில் வாரக்கணக்கில் நின்று இரைவிழுங்கிகளைக் கொல்லும். பூக்களில் வேட்டையாடும் ஓரியஸ் என்ற சின்னஞ்சிறு நாவாய்ப்பூச்சிக்கு, மென்மையானவை என்று பெயரெடுத்த ஸ்பினோசின் வகை மருந்துகளின் ஈரமும் ஆபத்தே. இடைவெளி விடாமல் இரண்டையும் அடுத்தடுத்துப் பயன்படுத்தும் விவசாயி, காசு கொடுத்து வாங்கிய காவலாளிகளைத் தன் கையாலேயே கொல்கிறார். செலவு இரட்டிப்பாகும், பலன் பாதியாகும்.

இரண்டாவது, வயலில் இலைப்பேன் மட்டுமா இருக்கிறது? 2012இல் பிரிட்டனுக்குள் வந்த புள்ளிச்சிறகுப் பழ ஈ இதற்குக் கசப்பான சான்று. பழத்துக்குள் முட்டையிடும் அந்த ஈக்காக அடிக்கப்படும் மருந்துகள், இலைப்பேனுக்காகக் கட்டியெழுப்பிய இரைவிழுங்கிப் படையையும் சரித்துவிடுகின்றன. அங்கே இன்னொரு பாடமும் கிடைத்தது. மேற்கத்திய மலர் இலைப்பேனை இரைவிழுங்கிகளால் அடக்கிய தோட்டங்களில், வெளியிலிருந்து முதிர்ந்த நிலையிலேயே பறந்து வரும் வேறு இலைப்பேன் இனங்கள் பழத்தைக் கெடுத்தன. புழுவைத் தின்னும் சிலந்திப்பேன் அவற்றின் முன் என்ன செய்யும்? எந்த இனம் என்று அறியாமல் வகுக்கும் திட்டம் பாதியிலேயே நின்றுவிடும்.

மூன்றாவது, பருவப் பொருத்தம். அக்டோபர் வெப்பத்தில் இளங்கன்றுகள் தாக்கப்படும்போது செடியில் பூ அதிகமிருக்காது. பூவை நாடும் ஓரியஸுக்கு அங்கே வேலை குறைவு; மகரந்தம் தின்று காலந்தள்ளும் சிலந்திப்பேனுக்கும் உணவு குறைவு. காவல் மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் காவல் பலவீனமாக இருக்கிறது. அந்த வாரங்களில் மருந்தின் பங்கு கூடுவது தவிர்க்க இயலாதது. அதை ஒப்புக்கொள்ளாத பிரசாரம் விவசாயிக்கு உதவாது.

ஆனாலும் இந்த முறையை நான் நிராகரிக்கவில்லை. அதை வெறும் கொள்முதலாகச் சுருக்குவதைத்தான் எதிர்க்கிறேன். வட புளோரிடாவின் குடைமிளகாய் வயல்களில் ஃபண்டர்பர்க் குழுவினர் செய்த ஆய்வு 2000இல் வெளியானது. சுமார் 180 மலர் இலைப்பேன்களுக்கு ஓர் ஓரியஸ் இருந்தாலே அவற்றின் பெருக்கம் தணிந்தது. அந்த ஓரியஸ்கள் விலைக்கு வாங்கப்பட்டவை அல்ல. தாமாக வயலுக்கு வந்தவை. வந்ததை அழிக்காமல் இருப்பதே முதல் வேலை. வாங்கி விடுவது அதற்கு அடுத்ததுதான்.

இது நம் மண்ணுக்கும் பொருந்தும். 2021இல் தென்மாநிலங்களின் மிளகாயைச் சூறையாடிய புதிய இலைப்பேன் இனத்தின் முன், மாற்றி மாற்றி மருந்தடித்தும் தோற்ற விவசாயிகள் பலர். பூவையும் துளிரையும் வெள்ளைத் தாளின் மேல் தட்டி, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்து எண்ணும் பழக்கம் எந்தப் பொட்டலத்தையும் எந்தப் புட்டியையும் விட மலிவானது. அந்தத் தாளில் இலைப்பேனை மட்டும் எண்ணினால் கை தெளிப்பானை நோக்கிப் போகும். அதைத் தின்ன வந்திருப்பதையும் சேர்த்து எண்ணினால்தான், இன்று தெளிப்பதா, இன்னும் நான்கு நாள் பொறுப்பதா என்று முடிவெடுக்க முடியும்.