நான்கு டிகிரி ஏணி

ஒரு கோல்ஃப் ஆட்டத்துக்கு 14 மட்டைகளுக்கு மேல் எடுத்துச் செல்லக் கூடாது. அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் 1938-லும், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் இருக்கும் ஆர் அண்ட் ஏ அடுத்த ஆண்டும் இந்த உச்சவரம்பை விதித்தன. டிரைவர், அயன்கள், புட்டர் என்று அடுக்கியபின் மிஞ்சும் மூன்று நான்கு இடங்களில் எந்த வெட்ஜ்களை வைப்பது என்ற கேள்விக்குக் கடைக்காரர், பயிற்சியாளர், விளையாட்டு இதழ் என்று எல்லோரும் ஏறத்தாழ ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: பிட்சிங் வெட்ஜின் லாஃப்ட் எத்தனை டிகிரி என்று பார்த்துக்கொள், அதிலிருந்து நான்கு நான்காகக் கூட்டிக்கொண்டே போ. 44 என்றால் 48, 52, 56, 60. 46 என்றால் 50, 54, 58. லாஃப்ட் என்பது மட்டையின் முகம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு. சாய்வு கூடக் கூடப் பந்து உயரமாக எழும்பி அருகில் விழும். நான்கு டிகிரிக்குப் பத்துப் பன்னிரண்டு கஜம் குறையும், ஆகவே இப்படி ஓர் ஏணி கட்டிக்கொண்டால் நூறு கஜத்தைச் சுற்றி எந்தத் தூரமும் விட்டுப்போகாது என்பது வாதம். கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. இந்த ஏணியின் முதல் படி உறுதியானது. கீழே இறங்க இறங்கத்தான் ஆட்டம் காண்கிறது.

முதல் படிக்குரிய நியாயத்தை முதலில் கொடுத்துவிடலாம். 1970-களில் விற்ற அயன் தொகுப்புகளில் பிட்சிங் வெட்ஜ் 48 முதல் 50 டிகிரி வரை இருந்தது. சேண்ட் வெட்ஜ் 55 அல்லது 56. நடுவே ஆறேழு டிகிரிதான், யாருக்கும் உறுத்தவில்லை. இன்று சாதாரண ஆட்டக்காரர்களுக்கென்று விற்கும் தொகுப்புகளில் பிட்சிங் வெட்ஜ் 43 டிகிரிக்கு வந்துவிட்டது; 7 அயன் 30-க்கும் கீழே போய்விட்டது. சேண்ட் வெட்ஜ் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. லாஃப்டைக் குறைத்தது வெறும் விற்பனைத் தந்திரம் என்று சிலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. பின்புறம் குடையப்பட்ட இன்றைய மட்டைகளில் எடை கீழே இறங்கியிருப்பதால் பந்து தானாகவே உயர எழும்புகிறது. பழைய லாஃப்டையே வைத்திருந்தால் தூரம் போகாமல் உயரத்தில்தான் தீரும். மறுபாதி, கடையில் அடித்துப் பார்ப்பவருக்குத் தங்கள் 7 அயன் அடுத்த கம்பெனியின் 7 அயனைவிடப் பத்துக் கஜம் அதிகம் போகவேண்டும் என்ற தயாரிப்பாளர்களின் ஆசை. காரணம் எதுவானாலும், ஆறேழு டிகிரியாக இருந்த இடைவெளி பதின்மூன்றாகிவிட்டது. அதை ஆட்டக்காரர் உணரவேண்டும் என்று நான்கு டிகிரி விதி அடித்துச் சொல்வது அதன் உண்மையான சேவை.

கணக்காகவே பார்ப்போம். ஒருவருடைய 43 டிகிரி பிட்சிங் வெட்ஜ் முழு ஸ்விங்கில் 115 கஜமும், 56 டிகிரி சேண்ட் வெட்ஜ் 80 கஜமும் பறந்து தரை தொடுவதாகக் கொள்வோம். கொடி 97 கஜத்தில் இருந்தால் ஒன்றைப் பதினெட்டுக் கஜம் தணிக்கவேண்டும், இன்னொன்றைப் பதினேழு கஜம் நீட்டவேண்டும். நீட்டுவது நடக்காத காரியம். தணிப்பது பழக்கமில்லாதவர் கையில் பந்துக்குமுன் மண்ணைத் தோண்டுவதில்தான் பெரும்பாலும் முடியும். நடுவில் 50 டிகிரி ஒன்றை வைத்துவிட்டால், எந்தத் தூரமும் ஏதாவது ஒரு மட்டையின் முழு அடியிலிருந்து ஒன்பது கஜத்துக்கு மேல் விலகியிருக்காது. பிடியை ஓர் அங்குலம் இறக்கிப் பிடித்தால் அதிலும் பாதி தீர்ந்துவிடும். இதுவரை விதி சொல்வது சரி. ஆனால் ஏணிக்காரர்கள் இங்கே 50 ஒன்றோடு நிற்பதில்லை. 47, 52 என்று இரண்டு கேட்கிறார்கள். அப்படிச் செய்தால் ஒன்பது கஜ விலகல் ஆறாகும். மூன்று கஜ லாபம். ஒரே மட்டையால் அடித்த பத்துப் பந்து முன்னும் பின்னுமாகப் பதினைந்து கஜம் சிதறும் ஆட்டக்காரருக்கு அந்த மூன்று கஜம் எங்கே போயிற்று என்றே தெரியாது.

டிகிரியைக் கஜமாக நினைப்பதுதான் இந்த முறையின் முதல் பிசகு. அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூர் ஆட்டக்காரர்களுக்கு டிராக்மேன் கருவி காட்டிய சராசரிகளில் 9 அயன் 148 கஜம், பிட்சிங் வெட்ஜ் 136 கஜம். ஒரு மட்டைக்குப் பன்னிரண்டு கஜம். பிட்சிங் வெட்ஜே 85 கஜம்தான் போகும் ஒருவருக்கு அதே நான்கு டிகிரி ஏழெட்டுக் கஜமாகச் சுருங்கிவிடும். அவர் ஏணியை முழுதாகக் கட்டினால், ஒரே பந்தை அடிக்க இரண்டு மட்டை வாங்கியவராகிறார். அவருக்கு ஆறு டிகிரி இடைவெளியே தாராளம். அதோடு, அடியில் பொறித்திருக்கும் எண்ணையும் முழுதாக நம்ப முடியாது. தயாரிப்பில் ஒரு டிகிரி முன்பின் இருப்பது சகஜம்; 52 என்றது 53 ஆகவும் 56 என்றது 55 ஆகவும் வந்துவிட்டால் நான்கு இரண்டாகிவிடும். தொகுப்போடு வரும் 48 டிகிரி மட்டையின் பின்புறம் குடைந்திருக்கும், தண்டு இலேசாக இருக்கலாம். தனியாக வாங்கும் 48 டிகிரி வெட்ஜ் கனமான எஃகுத் தண்டோடு கட்டியாக வரும். எண் ஒன்றேயானாலும் இரண்டும் ஒரே தூரம் போவதில்லை. அடிக்கும் கணத்தில் கைகள் பந்துக்கு முன்னே சென்றால் லாஃப்ட் குறைகிறது, மணிக்கட்டு முந்திக்கொண்டால் கூடுகிறது. ஆகவே அளக்கவேண்டியது பந்து போய் விழும் கஜத்தை. அந்த அளவும் இடத்துக்கு இடம் மாறும் என்பது வேறு விஷயம்: கிண்டியில் எடுத்த எண்களை 2,200 மீட்டர் உயரத்து ஊட்டி மைதானத்துக்கு அப்படியே கொண்டுபோனால், மெல்லிய காற்றில் பந்து கிரீனைத் தாண்டிப் போகும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. ஒரே ஏணியின் படிகளாக வரிசைப்படுத்தும் இந்த மட்டைகள் மூன்று வெவ்வேறு தொல்லைகளுக்கு மருந்தாகப் பிறந்தவை. சேண்ட் வெட்ஜுக்கும் தூரத்துக்கும் தொடக்கத்தில் சம்பந்தமே இல்லை. 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆட்டக்காரர் ஜீன் சராசன் தம் மட்டையின் அடிப்பாகத்தில் ஈயப்பற்று வைத்துத் தடிக்கச் செய்தார். மணலில் முன்விளிம்பு புதைவதற்குப் பதிலாகத் தடித்த அடிப்பாகம் மணலைத் தள்ளிக்கொண்டு எழவேண்டும் என்பதே நோக்கம். 1932-இல் இங்கிலாந்தின் பிரின்சஸ் மைதானத்தில் அதைக் கொண்டு ஓபன் பட்டம் வென்றார். பின்விளிம்பு முன்விளிம்பைவிட எத்தனை டிகிரி தாழ்ந்திருக்கிறது என்பதை இன்று பவுன்ஸ் என்கிறோம். சராசன் கண்டுபிடித்தது அதைத்தான். 60 டிகிரி லாப் வெட்ஜின் கதை வேறு: கிரீனுக்கு அருகிலிருந்து பந்தை உயர எழுப்பி நிறுத்துவது அதன் வேலை. நாசாவில் வேலை பார்த்துவிட்டுக் கோல்ஃபுக்கு வந்த டேவ் பெல்ஸின் யோசனைப்படி டூர் ஆட்டக்காரர் டாம் கைட் 1980-ஐ ஒட்டி அதை மூன்றாவது வெட்ஜாகப் பையில் சேர்த்தார். 1981-இல் டூரின் பரிசுப் பணப் பட்டியலில் முதலிடம் பிடித்தார். பிட்சிங் வெட்ஜுக்கும் சேண்ட் வெட்ஜுக்கும் நடுவில் வரும் கேப் வெட்ஜ், மேலே சொன்னபடி, அயன்களின் லாஃப்ட் குறைந்ததன் விளைவு. இந்த மூன்றில் கேப் வெட்ஜ் ஒன்றுக்குத்தான் முழு ஸ்விங் தூரம் முதல் தகுதி. மற்ற இரண்டையும் அதே தராசில் நிறுப்பதால்தான் விதி தடுமாறுகிறது.

மார்க் பிராடியின் எண்கள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியரான இவர் பிஜிஏ டூரின் அடிகளை லட்சக்கணக்கில் அலசி, எந்த இடத்திலிருந்து ஆடி முடிக்கச் சராசரியாக எத்தனை அடி ஆகும் என்று அட்டவணை போட்டவர். ஃபேர்வேயில் 80 கஜத்திலிருந்து 2.75, 100 கஜத்திலிருந்து 2.80. இருபது கஜ வித்தியாசத்தின் விலை 0.05 அடி. அதே 100 கஜம், ஆனால் பந்து ரஃப் புல்லுக்குள் கிடந்தால் 3.02. அதாவது தூரத்தைவிடப் பந்து கிடக்கும் தரை நான்கு மடங்குக்கு மேல் கனக்கிறது. இவை தூர இடைவெளிகளை முன்பே அடைத்துவிட்ட தொழில்முறைக்காரர்களின் எண்கள், அதனால்தான் 0.05 இத்தனை சிறியதாகத் தெரிகிறது என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்பு, நடுவில் பெரிய பள்ளம் உள்ள பைக்கு இந்த எண் பொருந்தாது, முதல் படியை நான் ஏற்பதும் அதனால்தான். ஆனால் ரஃபும் மணலும் கட்டாந்தரையும் சாதாரண ஆட்டக்காரரை டூர்காரரைவிடக் கடுமையாகத் தண்டிக்கும் என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். அங்கே கைகொடுப்பது அடிப்பாகத்தின் வடிவம். இளகிய மணலுக்கு 12 அல்லது 14 டிகிரி பவுன்ஸ் உதவும். இறுகிய தரையில் அதே மட்டை தட்டித் துள்ளி, முன்விளிம்பு பந்தின் வயிற்றில் போய் மோதும். டைட்லிஸ்ட்டுக்காக பாப் வோக்கி வடிவமைக்கும் வெட்ஜ்களைப் பாருங்கள்: ஒரே 60 டிகிரி, அடிப்பாகத்தின் செதுக்கலை வைத்து எழுத்து எழுத்தாகப் பல வகைகளில் விற்பனைக்கு வருகிறது. தூரம்தான் எல்லாம் என்றால் ஒரு 60 போதுமே. தயாரிப்பாளர்களுக்குத் தெரிந்த இது விளம்பரத்தின் தலைப்பு வரிக்கு வருவதில்லை, ஏனென்றால் நான்கு நான்காகக் கூட்டுவது போல அதை ஒரு மூச்சில் சொல்லிவிட முடியாது.

ஏணியின் சார்பில் சொல்லக்கூடிய வலுவான வாதம் இதுதான்: முக்கால் ஸ்விங்கும் அரை ஸ்விங்கும் பயிற்சி அதிகம் கேட்பவை, வாரத்துக்கு ஒருநாள் ஆடுபவருக்கு முழு ஸ்விங்தான் கைவந்தது, ஆகவே ஒவ்வொரு தூரத்துக்கும் ஒரு முழு ஸ்விங் மட்டை கொடுப்பதே அவருக்குச் செய்யும் உதவி. 50 டிகிரி வரை இதை ஒப்புக்கொள்ளலாம். 60-க்கு வரும்போது வாதம் தலைகீழாகிவிடும். அத்தனை சாய்ந்த முகத்தில் முழு வேகத்தில் அடிக்கும்போது பந்து அரை அங்குலம் மேலே பட்டாலும் மட்டை அடியில் வழுக்கிப் போய்விடும். பந்து செங்குத்தாக எழும்பிப் பாதி வழியில் விழும். வாரம் ஒருநாள் ஆட்டக்காரருக்கு, 60 டிகிரியில் முழு ஸ்விங்கைவிட 56 டிகிரியில் முக்கால் ஸ்விங் கைக்கு அடக்கமானது. இன்னொரு வேடிக்கை: கூடுதல் வெட்ஜுக்கு வாதாடிய பெல்ஸ் முழு ஸ்விங்கை நம்பவே இல்லை. 1999-இல் வந்த நூலில் அவர் கற்பித்த முறை, இடக்கையைக் கடிகார முள்ளாக நினைத்து ஏழரை, ஒன்பது, பத்தரை என்று மூன்று அளவுகளில் மட்டையைப் பின்னே எடுப்பது. நான்கு வெட்ஜை மூன்றால் பெருக்கினால் பன்னிரண்டு தூரம். அந்தப் பெருக்கலைக் கழற்றிவிட்டு நான்கு மட்டையை மட்டும் வாங்கிக்கொண்டவர்கள் மருந்துச் சீட்டைப் பாதியில் கிழித்துக்கொண்டவர்கள்.

தொழில்முறைக்காரர்கள் நான்கு வெட்ஜ் வைத்திருக்கிறார்களே என்பது அடுத்து வரும் மறுப்பு. அவர்களுடைய நான்கு டிகிரி பன்னிரண்டு கஜம், சிதறல் அதைவிடக் குறைவு, நான்காவது வெட்ஜுக்காக விட்டுக்கொடுக்கும் நீண்ட மட்டையால் அவர்களுக்குப் பெரிய நஷ்டமும் இல்லை. அப்படியும் லாஃப்ட் கூடினால் நல்லது என்பதற்கு அவர்களிடமே எதிர்ச்சான்று கிடைக்கும். 2008 யு.எஸ். ஓபனில் டோரி பைன்ஸின் 13-வது குழியில் ஃபில் மிக்கெல்சன் 64 டிகிரி வெட்ஜால் கிரீனுக்கு ஏற்றிய பந்து பின்சுழற்சியில் உருண்டு கீழே திரும்பியது. மீண்டும் ஏற்றினார், மீண்டும் திரும்பியது. ஐந்து அடியில் முடிக்கவேண்டிய குழி ஒன்பதில் முடிந்தது. குறுகிய தூரத்தில் உலகிலேயே கெட்டிக்காரர் என்று பெயரெடுத்தவர் கதை இது. இருந்தும் ஏணியின் மீதான ஆசை தணிவதில்லை: 2019 விதிகள் தூரமானிக் கருவிகளைப் பொதுவாக அனுமதித்தபின் கொடி 87 கஜத்தில் இருக்கிறது என்று துல்லியமாகத் தெரிந்துவிடுகிறது. தெரிந்ததும் 87-க்கென்றே ஒரு மட்டை இல்லையே என்று மனம் ஏங்குகிறது. கருவி சொல்லும் துல்லியம் கையில் இல்லை என்பது அந்த ஏக்கத்தில் மறந்துபோகும்.

ஆகவே வெட்ஜ் தேர்வைக் கடைக்காரர் தொடங்கும் இடத்தில் தொடங்க வேண்டியதில்லை. முதலில் சேண்ட் வெட்ஜ்: ஆடும் மைதானத்தின் மணல், தரை, தன் ஸ்விங் மண்ணை ஆழமாகத் தோண்டுகிறதா வருடிச் செல்கிறதா என்பதைப் பார்த்து அடிப்பாகத்தை முடிவுசெய்தபின் 54-ஓ 56-ஓ. பிறகு அதற்கும் பிட்சிங் வெட்ஜுக்கும் இடையே கஜத்தில் அளந்து, இருபத்தைந்துக்கு மேல் பள்ளம் இருந்தால் நடுவே ஒன்று. சேண்ட் வெட்ஜுக்குக் கீழே இன்னொன்று வேண்டுமா என்பதைக் கிரீன்களே சொல்லும்: மேடான, இறுகிய கிரீன்களும் அவற்றின் விளிம்பை ஒட்டிய பங்கர்களும் உள்ள மைதானத்தில் 60-க்கு வேலை உண்டு, தட்டையான திறந்த கிரீன்களில் அது பெரும்பாலும் பையில்தான் கிடக்கும். அப்படிக் கிடக்கும் மட்டை பிடித்திருக்கும் இடத்துக்கு மறுமுனையில் போட்டியாளர்கள் உண்டு. ஆட்டக்காரர்களுக்கிடையே உள்ள வித்தியாசத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு 100 கஜத்துக்கு வெளியே ஆடும் அடிகளில்தான் உண்டாகிறது என்பது பிராடி கண்ட முடிவு. 170 கஜத்திலிருந்து கிரீனுக்கு உயர ஏற்ற ஒரு ஹைப்ரிட்டோ 7 வுட்டோ இல்லாமல் நாலாவது வெட்ஜ் வைத்திருப்பவர், கிரீனை எட்டாத அந்தப் பந்தை அடுத்து அடிக்கத்தான் அதை உருவுகிறார்.