மீட்டால் போதுமா?

சந்தவாசலை ஒட்டி எழும் ஜவ்வாது மலையில் சாமை விளையும் மானாவாரி நிலம் ஆண்டு முழுவதும் சோறு போடாது. மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள் பிழைப்புத் தேடி வெளியூர் போகின்றன. மேஸ்திரி தரும் முன்பணமே சில இடங்களில் அவர்களுக்கு விலங்காகிவிடுகிறது. அதை அறுக்க வந்தது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம்.

இச்சட்டத்தின் வலிமை 15-ஆம் பிரிவில் இருக்கிறது. கொடுத்த முன்பணம் கொத்தடிமைக் கடன் அல்ல என்று மெய்ப்பிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவர்தான். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று 1982-இல் ஆசியப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சங்கிலியைத் தேடவேண்டிய அவசியம் அன்றே போயிற்று.

அட்லாண்டிக்கில் அடிமைக் கப்பல்களைத் துரத்திய பிரிட்டிஷ் கடற்படையும், சூழ்நிலையே சான்றாகும் என்ற இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. தொடக்ககால ஒப்பந்தங்களின்படி, கப்பலில் அடிமைகள் இருந்தால்தான் பிடிக்கலாம். துரத்தப்பட்ட மாலுமிகள் மனிதர்களைக் கடலில் எறிந்த கொடுமையும் நடந்தது. 1835-இல் ஸ்பெயினுடன் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு கைவிலங்குகளும் தேவைக்கு மிஞ்சிய தண்ணீர்ப் பீப்பாய்களுமே சான்றாயின. மொத்தத்தில் ஏறக்குறைய 1,600 கப்பல்கள் பிடிபட்டன. 1,50,000 பேர் விடுபட்டனர்.

ஆனால் அங்கும் எண்ணிக்கையே சாதனையாயிற்று. மீட்கப்பட்ட ஆளுக்கு இவ்வளவு எனக் கடற்படை மாலுமிகளுக்கு வெகுமதி கிடைத்தது. மீண்டவர்களில் பலரோ ஃப்ரீடவுனில் பல்லாண்டுப் பயிற்சி வேலைக்குக் கட்டப்பட்டனர்; சிலர் படையில் சேர்க்கப்பட்டனர். முறைகேடான பிடிப்பு நீதிமன்றத்தில் நிற்கவும் இல்லை. அமைதிக் காலத்தில் பிரெஞ்சுக் கப்பலைச் சோதிக்க உரிமையில்லை என்று 1817-இல் 'லூயி' கப்பல் வழக்கில் தீர்ப்பாயிற்று.

நம் மீட்புகளின் ஓட்டையும் இங்கேதான். கோட்டாட்சியர் விடுதலைச் சான்றிதழ் தந்ததும் வேன் ஊர் திரும்புகிறது. வழக்கோ வேலை நடந்த மாவட்டத்தில் தங்கிவிடுகிறது. "கொடுத்தது கடன், யாரையும் கட்டிப்போடவில்லை" என்கிறார் முதலாளி. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் செலவும் ஒருநாள் கூலியும் போவது தொழிலாளிக்கு. சாட்சி பிறழாமல் என்ன செய்யும்? நிரூபணமானாலும் தண்டனை அதிகபட்சம் 3 ஆண்டு சிறை, 2,000 ரூபாய் அபராதம்.

இதைவிடப் பெரிய குறை 2016-ஆம் ஆண்டு மத்திய மறுவாழ்வுத் திட்டத்தில் இருக்கிறது. உடனடி உதவி 20,000 ரூபாய், பின்னர் 30,000 ஆனது. 1 லட்சம் முதல் 3 லட்சம் வரையிலான முழுத்தொகையோ குற்றம் நிரூபணமாவதோடு முடிச்சிடப்பட்டது. அரசுத் தரப்பு தோற்றால் அதன் தண்டம் மீண்டவர் தலையில் விழுகிறது.

மீட்பு வேண்டாம் என்பதல்ல வாதம். முதல் நாளே மேஸ்திரியின் பற்றுவரவு நோட்டைக் கைப்பற்ற வேண்டும்: முன்பணம், கைரேகை, அரிசிக்குப் பிடித்தது, விடுப்புக்குக் கழித்தது எல்லாம் அதில் இருக்கும். சாட்சியத்தை ஊருக்கு அருகிலுள்ள போளூரிலிருந்தே காணொலியில் பதியலாம். மறுவாழ்வுத் தொகையைத் தீர்ப்பிலிருந்து பிரிக்க வேண்டும். கையில் காசில்லாமல் மலையேறும் குடும்பம் அடுத்த பருவத்தில் இன்னொரு மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கினால், அந்த மீட்பைக் கணக்கில் சேர்ப்பதில் அர்த்தமில்லை.