பழைய டிரான்சிஸ்டரின் குரல்: சீராக்கலா, சிதைத்தலா?

நண்பர் ஒருவரின் வீட்டில் பழைய டிரான்சிஸ்டர் வானொலி ஒன்று இருந்தது. தோல் உறை போட்ட, மத்திய அலையும் சிற்றலையும் கொண்ட சிறு பெட்டி. எண்பது வயதைக் கடந்த அவருடைய தந்தை நாள்தோறும் அதை மடியில் வைத்துக்கொண்டு மத்திய அலையில் செய்தி கேட்பார். நாளடைவில் அதன் ஒலி மெலிந்தது; கரகரத்தது. நண்பர் அதைப் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்தார். ஒரு வாரத்தில் பெட்டி திரும்பி வந்தது. ஒலி கூடத்தை நிறைத்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி, பெரியவரைத் தவிர.

அவருடைய நிலையம் அதில் வரவில்லை. பின்மூடியைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு புதிய மின்சுற்றுப் பலகை, ஒரு லித்தியம் மின்கலம், புதிய ஒலிபெருக்கி. பழைய சுற்று இல்லை. மத்திய அலையை வாங்கும் ஃபெரைட் தண்டும் இல்லை. பண்பலையும் நினைவட்டைப் பாடல்களும் மட்டுமே அதில் கேட்கும். முகப்பிலிருந்த பெரிய குமிழ் எதனோடும் தொடர்பின்றி வெறுமனே சுழன்றது.

பழைய வானொலிகளைச் சீராக்குவது இன்று பலருக்குப் பிடித்தமான பொழுதுபோக்காகிவிட்டது. நல்லதே. ஆனால் 'ஒலியை மேம்படுத்துகிறோம்' என்ற பெயரில் நடப்பவற்றில் பாதி சீராக்கல் அன்று, சிதைத்தலே என்பது எம் கருத்து. காரணம் திறமைக் குறைவு மட்டுமன்று. கேட்க வேண்டிய முதற் கேள்வியைக் கேட்காமல் வேலையைத் தொடங்குவதே காரணம். இந்தக் குறை வயதால் வந்ததா, அல்லது பிறவியிலேயே உள்ளதா? இதுவே அக்கேள்வி.

முதுமைக் குறைகள்

முதலில் வயதால் வரும் குறைகளைக் காண்போம். பழைய டிரான்சிஸ்டர் பெட்டியில் முதலில் தளர்ந்துபோவது பெரும்பாலும் டிரான்சிஸ்டர் அன்று. 'எலக்ட்ரோலிட்டிக்' மின்தேக்கியே ஆகும். அலுமினியத் தகட்டின்மேல் படிந்த மெல்லிய ஆக்சைடு படலமும், அதைத் தொட்டு நிற்கும் ஈரமான மின்பகுபொருளும் சேர்ந்ததே இந்த மின்தேக்கி. ஆண்டுகள் செல்லச் செல்ல ஈரம் உலர்கிறது. தேக்குதிறன் குறைகிறது; உள்தடை கூடுகிறது.

இதனால் ஒலி எப்படிக் கெடுகிறது? ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு பெருக்கிக் கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்திற்கு ஒலிக்குறியைக் கடத்தும் மின்தேக்கி 10 மைக்ரோஃபாரட் என்றும், அடுத்த கட்டத்தின் உள்வாங்கு தடை 1,000 ஓம் என்றும் கொள்வோம். அப்போது ஏறத்தாழ 16 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகள் யாவும் தடையின்றிக் கடந்து செல்லும். அதே மின்தேக்கி உலர்ந்து அரை மைக்ரோஃபாரட் ஆகிவிட்டால், இந்த எல்லை ஏறத்தாழ 320 ஹெர்ட்ஸுக்கு உயர்ந்துவிடும். அதற்குக் கீழுள்ள ஒலிகள் படிப்படியாக மெலியும். இத்தகைய இழப்பு இரண்டு மூன்று கட்டங்களில் சேரும்போது, ஆண் குரலும் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிக்கும்.

மின்கலத்திற்குக் குறுக்கே உள்ள மின்தேக்கி உலர்ந்தால் வேறு விதமான நோய். வெளியீட்டுக் கட்டம் இழுக்கும் மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கம் முன்கட்டங்களைத் தாக்கும். படகு எஞ்சின்போல் 'புடுபுடு' என்ற ஓசையோ, சீழ்க்கையோ எழும். ஒலிக்குமிழைத் திருப்பும்போது மட்டும் 'கரகர' என்றால், அதன் கரித்தடத்தில் படிந்த அழுக்கே காரணம். ஒலியைக் குறைத்து வைக்கும்போது சொற்களின் ஓரம் கிழிந்தாற்போல் கேட்டால், மின்கலம் தளர்ந்திருக்கலாம். இரட்டை வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் அலையின் மேற்பாதியை ஒன்றும் கீழ்ப்பாதியை மற்றொன்றுமாகப் பகிர்ந்துகொள்கின்றன. அவற்றுக்கு வேண்டிய சிறு முன்னழுத்தம் குறைந்தால், ஒன்று விட்ட இடத்தில் மற்றொன்று உடனே எடுத்துக்கொள்வதில்லை. அந்த இடைவெளியே நம் காதில் கிழிசலாக விழுகிறது.

இவை யாவும் முழுமையாகத் தீர்க்கக் கூடியவை. நான்கைந்து மின்தேக்கிகள், சிறிது தூய்மை, புதிய மின்கலம் ஆகியவை போதும். பழைய ஜெர்மானியம் பெட்டிகள் பலவற்றில் மின்கலத்தின் நேர்முனையே பொதுமுனையாக இருக்கும். ஆகவே மின்தேக்கியை மாற்றும்போது பழையதன் நேர் எதிர்க் குறிகளைப் பார்த்தே புதியதை வைக்க வேண்டும். 'எதிர்முனைதானே பொது' என்ற பழக்கத்தால் திருப்பி வைத்துக் கெடுத்தவர்கள் உண்டு.

பிறவிக் குறைகள்

அடுத்து, பெட்டி செய்யப்பட்ட நாளிலேயே இருந்த குறைகள். இவற்றுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, விற்பனைக்கு வந்த முதல் டிரான்சிஸ்டர் வானொலியான ரீஜென்சி டிஆர்-1. அமெரிக்காவில் 1954 அக்டோபரில் இது அறிவிக்கப்பட்டது. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டிரான்சிஸ்டர்கள் நான்கு, 22.5 வோல்ட் மின்கலம், விலை 49.95 டாலர். உயரம் 5 அங்குலம், அகலம் 3 அங்குலம், கனம் ஒன்றேகால் அங்குலம். அதற்குள் 2¾ அங்குல ஒலிபெருக்கி.

விலையைக் குறைக்க வேண்டியே நான்கு டிரான்சிஸ்டர்களோடு நிறுத்திக்கொண்டார்கள். அதனால் ஒலியை வெளியிடும் பொறுப்பு ஒற்றை டிரான்சிஸ்டரின் தலையில் விழுந்தது. அதன் ஒலி மெல்லியது, அடித்தொனி இல்லாதது. இதைக் குறை என்று சொல்வதைவிட, சட்டைப் பைக்குள் வானொலி வேண்டும் என்பதற்குக் கொடுத்த விலை என்று சொல்வதே பொருந்தும். 1957ஆம் ஆண்டில் வந்த சோனி டிஆர்-63 ஆறு டிரான்சிஸ்டர்களோடு இன்னும் சிறிய உடலில் அமைந்தது. அப்போதும் சிறிய கூம்பு சிறிய கூம்புதான்.

காரணம் இயற்பியலே. தாழ்ந்த அதிர்வெண் ஒலியை எழுப்ப நிறையக் காற்றை அசைக்க வேண்டும். கையகலக் கூம்பால் அது இயலாது. மேலும், கூம்பின் முன்புறம் காற்று நெருங்கும்போது பின்புறம் தளர்கிறது. சிறிய பெட்டியில் இவ்விரண்டும் ஓரத்தைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. 1959ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டேவிட் ஓகில் வடிவமைத்த புஷ் டிஆர்82 வானொலியும் டிரான்சிஸ்டரில் இயங்கியதுதான். ஆனால் கைப்பிடி வைத்த அகன்ற பெட்டியும் பெரிய ஒலிபெருக்கியும் அதற்கு இருந்தன. அதன் குரலில் இருந்த நிறைவு பெருமளவும் இடத்தால் வந்த நிறைவே.

உச்சத்தொனியின் நிலை என்ன? நம் பகுதியில் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைக்கப்படுகின்றன. பக்கத்து நிலையம் குறுக்கிடாதிருக்க, பெட்டியின் இடைநிலை அதிர்வெண் சுற்றுகள் இருபுறமும் வெட்டிவிடுகின்றன. ஆகவே 4 கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு மேல் பெட்டிக்குள் ஒலியே வருவதில்லை. வராத ஒலியை எந்தப் பெருக்கியாலும் பெருக்க முடியாது!

மிருதங்கத்தின் தொப்பி முழங்கவில்லை, தாளத்தின் கலீர் ஒலி இல்லை என்று பழைய பெட்டியைக் குறை கூறுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். பேச்சு தெளிவாகக் கேட்கிறதல்லவா? அதற்காகவே அது செய்யப்பட்டது. அடித்தொனி வராவிட்டாலும் அதன் மடங்கு அதிர்வெண்களைக் கொண்டு நம் செவியே குரலின் சுருதியை ஊகித்துக்கொள்கிறது. பெட்டி விட்டதைக் கேட்பவர் நிரப்பிக்கொள்கிறார்.

சுற்றுப்புறம் தரும் குறை

பழைய பெட்டியின்மேல் ஏற்றப்படும் இன்னொரு பழி இரைச்சல். மத்திய அலை 531 முதல் 1602 கிலோஹெர்ட்ஸ் வரை பரவியது. கைப்பேசி மின்னேற்றிகளும் எல்இடி விளக்குகளின் மின்சுற்றுகளும் மின்னோட்டத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி இயங்குகின்றன. அந்த வெட்டுகளின் மடங்கு அதிர்வெண்கள் மத்திய அலைக்குள் வந்து விழுகின்றன. வானொலியை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்கள். இரைச்சல் குறைந்தால் குற்றவாளி வீட்டுக்குள் இருக்கிறான். பெட்டியை மெல்லச் சுழற்றினால் ஃபெரைட் தண்டின் திசைக்கேற்ப இரைச்சல் அடங்கும் ஒரு நிலையும் கிடைக்கும். இதற்குச் செலவு ஏதுமில்லை.

வைத்தியரால் வரும் குறை

இப்போது நம் 'மேம்பாட்டாளர்'களின் கைவண்ணத்தைப் பார்ப்போம். ஒலி குறைந்தது என்றவுடன் இடைநிலை அதிர்வெண் சுருள்களின் உள்ளகங்களைத் திருகுவோர் பலர். அவை தாமாகப் பெரிதும் நகர்வதில்லை. குறியாக்கக் கருவியின்றித் திருகினால், மின்தேக்கிக் கோளாறோடு ஒத்திசைவுக் கோளாறும் சேர்ந்துகொள்ளும். உள்ளகம் உடைந்தும் போகலாம். ஒலி கூட வேண்டும் என்று 9 வோல்ட் பெட்டிக்கு 12 வோல்ட் கொடுப்போர் சிலர். ஜெர்மானியம் டிரான்சிஸ்டரில் வெப்பம் ஏற ஏறக் கசிவு மின்னோட்டம் கூடும். கசிவு கூடினால் வெப்பம் மேலும் ஏறும். முடிவு, எரிந்த டிரான்சிஸ்டர். அதன் இடத்தில் சிலிக்கன் டிரான்சிஸ்டரை அப்படியே வைத்தாலும் சரிவராது. முன்னது ஏறத்தாழ 0.2 வோல்ட்டில் விழித்துக்கொள்ளும்; பின்னதற்கு 0.6 வோல்ட் வேண்டும். எட்டு ஓம் ஒலிபெருக்கிக்குப் பதிலாக நான்கு ஓம் வைப்பதும் வெளியீட்டுக் கட்டத்தின் முதுகில் இரட்டைச் சுமை ஏற்றுவதே.

அப்படியானால் மேம்படுத்தவே கூடாதா? கூடும். விதி ஒன்றுதான்: நாளை ஒருவர் விரும்பினால் பழையபடி ஆக்கக் கூடியதாக இருக்க வேண்டும். செவிக்குழல் துளையில் ஒரு கம்பியைச் செருகி, அதே ஓம் அளவுள்ள பெரிய ஒலிபெருக்கியை மரப்பெட்டியில் பொருத்திக் கேட்டுப் பாருங்கள். அந்தச் சிறு பெருக்கிக்குள் இவ்வளவு ஒலி அடங்கிக் கிடந்ததா என்று வியப்பீர்கள். வெளியீட்டு மின்மாற்றி இல்லாத பெட்டியில், 8 ஓம் ஒலிபெருக்கிக்கு முன்னுள்ள 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஏறத்தாழ 200 ஹெர்ட்ஸில் எல்லை கட்டுகிறது. 470 மைக்ரோஃபாரட் வைத்தால் அது 42 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். ஆனால் இதன் பயன் வெளி ஒலிபெருக்கியில்தான் தெரியும். உள்ளே இருக்கும் சிறு கூம்பு வீணாக உதறுமே தவிர முழங்காது. அரிய பெட்டிகளைச் சேகரிப்போர் பழைய மின்தேக்கியின் கூட்டைக் குடைந்து, புதியதை அதற்குள்ளேயே மறைத்து வைப்பதும் உண்டு. அந்தப் பொறுமையைப் போற்றலாம்.

நண்பரின் பெட்டிக்கு வேண்டியிருந்தது சில மின்தேக்கிகள் மட்டுமே என்று இன்று உறுதியாகச் சொல்ல முடியாது. சோதித்துப் பார்க்கப் பழைய சுற்று இல்லையே. கழற்றியதைத் திருப்பிக் கேட்டபோது, எடைக்குப் போட்டுவிட்டதாகப் பதில் வந்தது. பெரியவர் இப்போது வேறொரு சிறு பெட்டியில் செய்தி கேட்கிறார். பழையது அலமாரியில் அழகாக இருக்கிறது.

ஆகவே வாசகர்கள் தங்கள் வீட்டு வானொலியைச் சீராக்கக் கொடுக்கும்போது இரண்டு வார்த்தை சொல்லிக் கொடுக்கட்டும். ஒன்று: 'எது கெட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள்.' மற்றொன்று: 'கழற்றிய ஒவ்வொன்றையும் ஓர் உறையில் போட்டுத் திருப்பித் தாருங்கள்.'