கையால் ஓடும் அம்பாசடர்

பெரம்பலூரில் ரயில் நிலையம் கிடையாது. ரயிலைப் பிடிக்க அரியலூருக்குப் போகவேண்டியவர், சுண்ணாம்புக் கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிச் சுமார் 30 கிலோமீட்டர் பிரயாணம் செய்தாக வேண்டும். அவருடைய கால்கள் பஸ் படிக்கட்டில் ஏற ஒத்துழையாமல், வீட்டுக் கொட்டகையில் தகப்பனார் காலத்து அம்பாசடர் ஒன்று நிற்கவும் செய்யுமானால், அதையே கைகளால் ஓட்டும்படி மாற்றிக்கொண்டால் என்ன என்ற யோசனை தானாகவே எழும்.

யோசனை அசட்டுத்தனமானதன்று. பழைய அம்பாசடரின் முன் ஆசனம் நடுவில் பிரியாத ஒரே பெஞ்சு. கியர்த்தண்டும் தரையில் முளைத்து வழிமறிக்காமல் ஸ்டியரிங் தண்டிலேயே இருப்பதால், சக்கர நாற்காலியை இடப்புறக் கதவருகே நிறுத்தி, ஆசனத்தின்மேல் நகர்ந்தே ஓட்டும் இடத்துக்கு வந்துவிடலாம். பெடலுக்கும் அது இயக்கும் உறுப்புக்கும் நடுவே மின்னணுக் கருவி எதுவும் இல்லை. ஆகையால், தள்ளினால் பிரேக்கும் இழுத்தால் ஆக்ஸிலேட்டரும் வேலை செய்யும்படி ஒரு கைத்தண்டைப் பெடல்களோடு பிணைப்பது நல்ல பட்டறைக்கு எட்டாத வித்தையன்று. கேரளத்தில் முக்கூட்டுத்தறை பிஜு வர்கீஸ், விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்தபின் தம் காரைத் தாமே மாற்றியமைத்து, பிறகு பலருக்கும் அப்படிச் செய்துகொடுத்து, நேஷனல் இன்னோவேஷன் ஃபவுண்டேஷனின் விருதையும் பெற்றிருக்கிறார்.

ஆனால் இந்த விஷயத்தின் முடிச்சு கிளட்சில் இருக்கிறது. இரு கால்களும் இயங்காதவருக்கு ஒரு கை ஸ்டியரிங்கில், மற்றொரு கை பிரேக் தண்டில் என்று ஆனபின், கியர் மாற்றவும் கிளட்ச் அழுத்தவும் மூன்றாவது கைக்கு எங்கே போவது? எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது இன்டேக் மேனிஃபோல்டில் உண்டாகும் வெற்றிடத்தைக் கொண்டே கிளட்சை இழுக்கச் செய்து, அதற்கான சுவிட்சைக் கியர்த்தண்டில் பொருத்துவது சாமர்த்தியமான உபாயம்தான். எனினும் ரிங் தேய்ந்து புகை தள்ளும் எஞ்சினில் அந்த வெற்றிடம் பலவீனமாக இருக்கும். லாரிக்குப் பின்னால் சடுதியில் கியரைக் குறைக்க வேண்டிய வேளையில் கிளட்ச் அரைகுறையாகவே விடுபடும். டீசல் எஞ்சினுக்கோ தனியே ஒரு பம்ப் வேண்டும். நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக், பவர் உதவியில்லாத ஸ்டியரிங் ஆகியவற்றை, கால் பலத்தையும் உடற்பாரத்தையும் ஊன்றி ஓட்டிய அக்காலத்து டிரைவர் பொருட்படுத்தவில்லை. அந்தப் பாரம் முழுவதும் இப்போது இரண்டு தோள்களில் இறங்குகிறது. அக்காலக் கார்கள் பலவற்றில் ஹெட்லைட்டைத் தாழ்த்தும் சுவிட்ச்கூட இடக்காலுக்கு அடியில் தரையில் இருந்தது என்பதைப் பட்டறைக்காரர் மறந்தால், எதிரே லாரி வரும் முதல் இரவே அது நினைவுக்கு வரும்.

போலியோவால் இடக்கால் மட்டும் தளர்ந்தவருக்குக் கிளட்ச் ஒன்றை மாற்றினாலே போதுமென்றிருக்க, எல்லாருக்கும் ஒரே கருவித் தொகுதியைப் பூட்டியனுப்பும் வழக்கம் எனக்குச் சம்மதமில்லை.

சட்டத்தின் நிலையோ விசித்திரமானது. தயாரிப்பாளர் தந்த அமைப்புக்கு மாறாக வாகனத்தைத் திருத்தக்கூடாதென்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது. அதே வருஷத்தில் மோட்டார் வாகனச் சட்டத்துக்கு வந்த திருத்தமோ, மாற்றுத்திறனாளிக்கேற்ப வாகனத்தை முதலில் மாற்றிவிட்டுப் பின்னர் ஆர்.டி.ஓ.வின் ஒப்புதலைப் பெறலாமென்று வழிவிட்டது. இது மனிதாபிமானமுள்ள ஏற்பாடு. 2021இல் வந்த புராதன வாகன விதியோ வேறொரு கண்ணோட்டம் உடையது: முதற்பதிவாகி 50 வருஷம் கடந்திருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் கைவைத்திருக்கக் கூடாது, ‘வி.ஏ.’ எழுத்துக்கள் கொண்ட எண் கிடைத்தபின் கண்காட்சி, ராலி, பழுதுபார்ப்பு போன்ற காரியங்களுக்கன்றி வெளியே எடுக்கவும் கூடாது. கைத்தண்டு சேஸிஸ், பாடி, எஞ்சின் மூன்றில் எதையும் தொடுவதில்லை. ஆனால் மேனிஃபோல்டில் துளையிட்டுச் செருகும் வெற்றிடக் குழாய் எஞ்சினைத் தொடுகிறதென்று ஓர் அதிகாரி சொன்னால், மறுப்பது எளிதன்று. அன்றாடம் ஓட்டவேண்டியவர் அந்த எண்ணுக்கு ஆசைப்படாமல் தம் பழைய பதிவையே புதுப்பித்துக்கொள்வது விவேகம்.

அசல் உருவமே புனிதம் என்னும் சேகரிப்பாளர்களின் வாதத்தை நான் முழுதும் ஏற்கவில்லை. கால்கள் செயலிழந்த அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கைகளாலேயே ஓட்டிய 1936ஆம் வருஷத்து ஃபோர்டு ஃபீட்டன், அந்தக் கைக்கருவிகளுக்காகவே அவருடைய ஊரான ஹைட் பார்க்கில் பார்க்கப்படுகிறது. அவற்றைக் கழற்றிவிட்டால் அதற்கு மதிப்பு கூடுமா? ஆயினும் வெல்டிங்கும் அறுப்பும் இன்றி, போல்ட்டும் பட்டையும் கொண்டு பூட்டி, ஸ்பானரால் மீண்டும் அவிழ்க்கக்கூடியதாகச் செய்யும் வேலையையே நான் ஆதரிப்பேன்.

இடக்கால் மட்டும் பலவீனமானவருக்கு இந்த அம்பாசடர் தாராளமாகத் தகும். இரு கால்களும் இயங்காதவர், கிளட்ச் பெடலே இல்லாத ஆட்டோமேடிக் கார் ஒன்றில் கைத்தண்டு பூட்டி அரியலூர் சாலைக்கு வைத்துக்கொண்டு, தகப்பனார் வண்டியை வெறிச்சோடிய ஊர்ப்பாதைகளுக்கு ஒதுக்குவது மேல். அதுவும் வேண்டாம், அம்பாசடர்தான் என்று பிடிவாதமாயிருப்பவர், கைத்தண்டுக்கு விலை பேசுவதற்கு முன் எஞ்சினின் கம்ப்ரெஷனைச் சோதிக்கச் சொல்லட்டும்.