லயத்துக் கூரையில் தொலைக்காட்சி

எல்லவிலிருந்து தெமோதரை செல்லும் இருப்புப்பாதையில் ஒன்பது வளைவுப் பாலத்தைக் காண நாள்தோறும் பிறநாட்டார் வந்து குவிகின்றனர். ஊவாவின் தேயிலைச் சரிவுகளில் நீண்டு கிடக்கும் லயங்களை நின்று நோக்குவோர் அவர்களுள் மிகச் சிலரே. நோக்கினால், துருவேறிய தகரக் கூரைகளின் மேல் காம்பராவுக்கொன்றாக டிஷ்கள் நிற்பதைக் காணலாம். கூரையில் ஒழுக்கு நிற்கவில்லை. ஆனால் விண்வெளியிலிருந்து படம் இறங்குகிறது!

டிஷ் நல்லதா, கம்பி வழிச் சேவை நல்லதா என்று கேட்போர் அலைவரிசைகளை எண்ணுகின்றனர். மாதக் கட்டணத்தை ஒப்பிடுகின்றனர். இவை வேண்டாத கேள்விகள் அல்ல. ஆனால் இவற்றோடு நின்றுவிடுவது சரக்கை மட்டும் பார்த்து மனிதனை மறப்பதாகும். இந்த இரண்டில் எது தோட்டத் தொழிலாளிக்குப் பயன்படுகிறது, எதில் அவன் குரல் ஒலிக்கிறது என்பதே நாம் கேட்க விரும்புவது.

இலங்கையில் தொலைக்காட்சி 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியுடன் தொடங்கியது. 1982இல் ரூபவாஹினி வந்தது. தரைவழி அலைகளுக்கு மலை ஒரு சுவர். கோபுரம் எவ்வளவு உயரத்தில் நின்றாலும், முகட்டின் மறுபுறத்துப் பள்ளத்தில் படம் மங்கும். பூமத்திய ரேகைக்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் செயற்கைக் கோளுக்கு இந்தத் தடை பெரிதல்ல. கம்பியோ கம்பம் வேண்டும், பாதை வேண்டும், கட்டணம் கட்டக்கூடிய வீடுகள் நெருங்கியிருக்க வேண்டும் என்கிறது. ஆகவே அது கொழும்பு போன்ற நகரங்களில் பரவியது; இன்று தொலைபேசிக் கம்பி வழியே பியோ டீவியாகவும் வருகிறது. இலாபம் முடியும் இடத்தில் கம்பியும் முடிந்துவிடும். டிஷ் லயத்துக்கு வந்ததன் காரணம் கருணையன்று; வானத்துக்குக் கம்பம் நட வேண்டியதில்லை என்பதே.

எனினும் டிஷ் செய்த நன்மையை நாம் மறுக்கவில்லை. அரசின் அலைவரிசைகளில் தமிழுக்குச் சிறு பங்கே கிடைத்த காலத்தில், 1993இல் தொடங்கிய சன் டிவியும் அதன் பின் வந்தவையும் டிஷ் வழியே தாய்மொழியைக் காம்பராவுக்குள் கொண்டு வந்தன. பகலெல்லாம் கொழுந்து பறித்துத் திரும்பிய பெண் இரவில் ஒரு நாடகம் பார்ப்பதைப் பழிக்கும் அறிஞர் கூட்டத்தில் நாம் சேர மாட்டோம். ஓய்வு அவள் உரிமை. ஆனால் அந்த நாடகத்தில் அவள் எங்கே? மாளிகை வீட்டு மாமியாரும் மருமகளும் சொத்துக்காகச் சண்டையிடுகின்றனர். முதுகில் கூடை சுமப்பவள் ஒருத்தியும் அங்கு இல்லை. மலையக மக்கள் போற்றி வளர்த்த காமன் கூத்துக்கும், அருச்சுனன் தபசுக்கும், பொன்னர் சங்கருக்கும் அந்த வானத்தில் இடமில்லை. 1998இல் வந்த சக்தி டிவிக்கும் 2009இல் வந்த வசந்தத்துக்கும் கொழும்பே மையம்.

இதனினும் கொடிய குறை ஒன்று உண்டு. டிஷ் பெறும் நுண்ணலைகளைக் கனமழை உறிஞ்சிவிடும். மழை வலுத்தால் படம் அறுந்துபோகும். ஊவாவில் மலை சரிவதும் அதே மழையில்தான். 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தயில் மண்சரிவு லயங்களை மூடியது. அந்த நிலம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை கடதாசியிலேயே தங்கியது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலின்போதும் பதுளை மாவட்டத்தில் மண்சரிவுகள் உயிர்களைப் பறித்தன. தொலைக்காட்சி இவர்களைக் காத்திருக்கும் என்று நாம் சொல்லவில்லை. பாதுகாப்பான நிலமும் வீடுமே காக்கும். மலை சரிந்தால் கம்பமும் சாயும், கம்பியும் அறும் என்பதையும் அறிவோம். ஆயினும், சென்னையில் மழை பெய்யும் செய்தியை அறிவித்துவிட்டு, தன் தலைக்கு மேலுள்ள குன்றைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாத சேவையை எப்படி முழுமையான சேவை என்பது?

அப்படியானால் கம்பிதான் விடையா? அதன் பிறப்பை நினைவுகூர்வது நல்லது. 1940களின் இறுதியில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து நிலக்கரிச் சுரங்க ஊர்களிலும் படம் வராமல் மலை மறித்தது. குன்றின் உச்சியில் ஒரு பொது அன்டெனாவை நட்டு, அங்கிருந்து வீடுகளுக்குக் கம்பி இழுத்தனர். இழுத்தவர்களுள் தொலைக்காட்சிப் பெட்டி விற்ற வியாபாரிகளும் இருந்தனர். எனினும் ஒரு குன்றுக்கு ஓர் அன்டெனா என்பது அந்த ஏற்பாட்டின் உயிர். தமிழ்நாட்டில் 2007இல் அரசு கேபிள் நிறுவனம் அமைந்தது. 2011இல் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு என்று அறிவித்தது. கட்டணம் குறைந்தது, ஆனால் கம்பியில் ஓடிய சரக்கு பெரும்பாலும் பழைய முதலாளிகளின் சரக்கே.

எனவே கம்பி தானாகவே விடுதலை தராது. ஆனால் கம்பிகள் புறப்படும் நிலையம் உள்ளூரில் இருக்கிறது. அங்கே ஓர் ஒளிப்படக் கருவியை இணைத்தால் ஊர்த் திருவிழாவும் கூட்டமும் ஊருக்குத் தெரியும். தமிழ்நாட்டுச் சிறு நகரங்களின் உள்ளூர் அலைவரிசைகள் இதைச் செய்திருக்கின்றன. 36,000 கிலோமீற்றர் உயரத்திலுள்ள கோளுக்கு லயத்து மனிதன் தன் கூத்தை அனுப்ப முடியுமா? ஒரே கூரையின் கீழ் ஒட்டி வாழும் குடும்பங்கள் தனித்தனி டிஷ்ஷுக்குத் தனித்தனியே பணம் கட்டும் ஏற்பாட்டில் இலாபம் யாருக்கு என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

முப்பதுகளில் கோ. நடேசய்யரும் மீனாட்சியம்மையும் தொழிலாளரிடம் சென்றபோது அவர்களிடம் கோபுரமும் இல்லை, கோளும் இல்லை. அச்சும் பாட்டுமே இருந்தன. இன்று கருவி இருக்கிறது. அது மக்கள் கையில் இல்லை. தோட்டம் தோறும் பொது இணைப்பு வேண்டும். தமிழில் மண்சரிவு எச்சரிக்கை வேண்டும். மலையக மக்களே நடத்தும் உள்ளூர் ஒளிபரப்பு வேண்டும். தொழிற்சங்கங்கள் இவற்றைச் சம்பளக் கோரிக்கையோடும் வீட்டுக் கோரிக்கையோடும் சேர்த்து எழுப்ப வேண்டும். அதற்கான நாடகத்தையும் செய்தியையும் எழுதித் தருவது எழுத்தாளரான நம் பொறுப்பு.