செங்கல் சுவருக்கு எதிரே ஒரு புது லென்ஸ்

புது ஜூம் லென்ஸ் வாங்கியவர் முதலில் எடுப்பது பெரும்பாலும் ஒரு சுவரை. பூசாத செங்கல் சுவர் அக்கம்பக்கத்தில் இருந்தால் அது. இல்லாவிட்டால் கூடத்துச் சுவரில் செய்தித்தாளின் வரி விளம்பரப் பக்கத்தை விரித்து ஒட்டி அதை. பிறகு படத்தைக் கணினியில் ஏற்றி, 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, மூலை மூலையாகத் துழாவுவார். ஒரு மூலையில் எழுத்து கொஞ்சம் கலங்கித் தெரிந்தால் போதும், அன்றைய தூக்கம் போயிற்று. லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய பொருள் என்றால் சந்தேகம் வருவது இயல்புதான். ஆனால் இந்தச் சோதனை உண்மையில் எதைக் காட்டுகிறது, எதைக் காட்டுவதாகப் பாவனை செய்கிறது என்பது வேறு விஷயம்.

சந்தேகத்துக்கு அடிப்படை இருக்கிறது. 1959-ல் வந்த ஃபோக்ட்லெண்டர் ஸூமார், 35 மி.மீ. ஸ்டில் கேமராக்களுக்கான முதல் ஜூம் லென்ஸ். அதற்குள்ளேயே 14 கண்ணாடிகள். கேனனின் 70-200 மி.மீ. எஃப் 2.8 லென்ஸின் இரண்டாம் பதிப்பில் 23. இவை ஒரே இடத்தில் சும்மா இருப்பவையும் அல்ல. ஜூம் வளையத்தைத் திருப்பும்போது சில தொகுதிகள் முன்னும் பின்னும் ஓடுகின்றன, ஃபோகஸ் செய்யும்போது வேறொரு தொகுதி நகர்கிறது, கைநடுக்கத்தைச் சமாளிக்கும் தொகுதி பக்கவாட்டில் ஆடுகிறது. ஓட வேண்டுமென்றால் இடுக்கு வேண்டும். இடுக்கு இருந்தால் சாயவும் செய்யும். அமெரிக்காவின் டென்னசியில் லென்ஸ் வாடகைக்கு விடும் லென்ஸ்ரென்டல்ஸ் நிறுவனத்தின் ரோஜர் சிகாலா, ஒரே மாடலின் பல பிரதிகளை ஆப்டிகல் பெஞ்சில் ஏற்றி அளந்து பல ஆண்டுகள் எழுதிவந்தார். அவர் திரும்பத் திரும்பச் சொன்னது இது: எந்த இரண்டு பிரதிகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒற்றைக் குவியத் தூர லென்ஸ்களைவிட ஜூம் லென்ஸ்களில் இந்த வேறுபாடு அதிகம், ஜூம் வீச்சில் எங்காவது ஓரிடத்தில் லேசான சாய்வு இல்லாத பிரதி அபூர்வம்.

அப்படியானால் சோதிப்பது சரிதானே? சரிதான். ஆனால் சுவரை நோக்கி நாம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் தப்பான கேள்வி. "கூர்மையாக இருக்கிறதா?" என்று கேட்கிறோம். எதோடு ஒப்பிட்டு? கையில் இருப்பது ஒரே பிரதி. கண்ணாடிகளுக்கு இடையேயான தூரம் சிறிது பிசகி, படம் முழுவதும் ஒரே சீராக மங்கியிருந்தால், பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொரு பிரதி இல்லாதவருக்கு அது தெரியவே தெரியாது. மாறாக ட்ரைபாடின் ஆட்டம், அணைக்க மறந்த ஸ்டெபிலைசர், ஷட்டர் பொத்தானை அழுத்திய விரல் எல்லாம் லென்ஸின் கணக்கில் எழுதப்படும். பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களில் ஃபோகஸ் முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளி விழுவதும் இதே வகை. அது கேமரா உடலும் லென்ஸும் ஒத்துப்போகாத குறை, பல மாடல்களில் மெனுவிலேயே திருத்தலாம். சென்சாரிலேயே ஃபோகஸ் பார்க்கும் மிரர்லெஸ்ஸில் இந்தத் தொல்லை பெருமளவு தீர்ந்தது.

ஒளியியலில் சோதனையே பிசகியதற்கு உலகறிந்த சாட்சி ஹப்பிள் தொலைநோக்கி. 2.4 மீட்டர் கண்ணாடியின் விளிம்பு வேண்டியதைவிட 2.2 மைக்ரான் தட்டையாகத் தேய்க்கப்பட்டது. கண்ணாடியைத் தேய்த்தவர்கள் அசட்டையாக இருக்கவில்லை, அளக்கும் கருவியை அச்சுப் பிசகாமல் பின்பற்றினார்கள். அந்தக் கருவிக்குள் ஒரு லென்ஸ் 1.3 மி.மீ. இடம் மாறி உட்கார்ந்திருந்தது. வேறு சோதனைகள் ஏதோ சரியில்லை என்று காட்டியபோது, துல்லியமானது என்று பெயரெடுத்த கருவியை நம்பி அவற்றை ஒதுக்கினார்கள். 1990-ல் மேலே போன பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. 1993 டிசம்பரில் விண்வெளிக்குப் போய்த்தான் சரிசெய்ய முடிந்தது. அவ்வளவு பெரிய இடத்திலேயே அந்தக் கதி என்றால், கூடத்துச் சுவரில் செலோடேப் போட்டு ஒட்டிய தாளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அந்தத் தாளையே எடுத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் விரித்தால் சுமார் 70 செ.மீ. அகலம். அது சட்டத்தை நிரப்பும்படி கேமராவை வைக்கும்போது தாளுக்கு நேராக நிற்காமல் 2 டிகிரி திரும்பியிருந்தால், ஒரு ஓரம் 12 மி.மீ. தள்ளிப் போகும், மறு ஓரம் 12 மி.மீ. கிட்டே வரும். 24 மெகாபிக்ஸல் முழுச்சட்ட சென்சாரில், எஃப் 2.8-ல், பிக்ஸல் அளவுக்குக் கூர்மை எதிர்பார்த்தால் அந்த இடத்தில் கிடைக்கும் ஆழம் முன்னால் 6, பின்னால் 6 மி.மீ. மட்டுமே. 2 டிகிரி என்பது கண்ணுக்குத் தெரியாத கோணல். நடு மடிப்பில் தாள் உப்பியிருப்பதை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. இதனால்தான் செய்தித்தாளைவிடச் செங்கல் சுவர் மேல் என்பேன். மூன்றரை மீட்டர் அகலச் சுவரில் அதே கோணல் ஓரத்தை 6 செ.மீ. தள்ளும், ஆனால் ஆழம் முன்னும் பின்னும் 16 செ.மீ.க்கு மேல் விரிந்து அந்தக் கோணலை விழுங்கிவிடும். தாள்தான் வேண்டும் என்பவர் அதன் நடுவில் ஒரு சிறு முகக்கண்ணாடியைத் தட்டையாக ஒட்டி, லென்ஸின் சொந்தப் பிம்பம் படத்தின் நட்டநடுவில் விழும்வரை கேமராவைச் சரிசெய்யலாம். காசில்லாத வழி, துல்லியமும் கூட.

இன்னொரு சறுக்கல் புல வளைவு. லென்ஸ் கூர்மையாகப் பார்க்கும் தளம் பல நேரம் தட்டையாக இருப்பதில்லை, கிண்ணம்போல் வளைந்திருக்கும். 19-ஆம் நூற்றாண்டில் யோசஃப் பெட்ஸ்வால் இதைக் கணக்கில் கொண்டுவந்தார், அவர் பெயரே இன்றும் அந்த வளைவுக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தட்டையான சுவரில் நடுவில் ஃபோகஸ் செய்தால் நான்கு மூலையும் மங்கும். மூலையில் ஃபோகஸ் செய்தால் மூலை தெளிந்து நடு கலங்கும். அது வடிவமைப்பாளர் தெரிந்தே ஏற்றுக்கொண்ட சமரசம். மாற்றி வாங்கும் பிரதியிலும் அப்படியே இருக்கும். மிரர்லெஸ் ஜூம்களின் அகலக் கோணத்தில் மென்பொருள் திருத்தாத ராவ் படத்தைத் திறந்து, வளைந்த கோடுகளைப் பார்த்துப் பதறுவதும் இதே ரகம். அந்த வளைவை மென்பொருள் நிமிர்த்தும் என்று கணக்குப் போட்டுத்தான் கண்ணாடியையே வடிவமைத்திருக்கிறார்கள்.

இத்தனை குறையும் சொன்ன பிறகும் வீட்டுச் சோதனையை நான் தள்ளமாட்டேன். ஒரு கேள்விக்கு அது நேர்மையாகப் பதில் சொல்லும்: இடமும் வலமும், மேலும் கீழும் ஒன்றுபோல் இருக்கின்றனவா? இங்கே லென்ஸை அதனோடேயே ஒப்பிடுகிறோம், வெளி அளவுகோல் தேவையில்லை. நான்கு மூலையும் ஒரே மாதிரி மங்கினால் அது அந்த மாடலின் இயல்பு. ஒரு மூலையோ ஒரு பக்கமோ மட்டும் மங்கினால் உள்ளே ஒரு கண்ணாடி மையம் தப்பியோ சாய்ந்தோ உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அதற்குச் சுவர்கூட வேண்டாம். மொட்டைமாடியில் இருந்து தொலைவில் தெரியும் செல்போன் கோபுரமோ தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியோ போதும். அவ்வளவு தூரத்துக்கு முன் கேமராவின் சிறு கோணல் ஒன்றுமே இல்லை. வெயில் ஏறுவதற்கு முன் முடித்துவிட வேண்டும். பத்து மணிக்கு மேல் கூரைகளிலிருந்து எழும் கானல், எந்த லென்ஸையும் மட்டமாகக் காட்டும். அபெர்ச்சரை முழுதாகத் திறந்து, ஸ்டெபிலைசரை அணைத்து, இரண்டு விநாடி டைமர் வைத்து, அதே ஏணியை முதலில் நடுவிலும் பிறகு ஒவ்வொரு மூலையிலும் வைத்து எடுக்க வேண்டும். ஒரு சுற்று நடுவில் செய்த ஃபோகஸை மாற்றாமல், இன்னொரு சுற்று ஒவ்வொரு மூலையிலும் புதிதாக ஃபோகஸ் செய்து. முதல் சுற்றில் மட்டும் ஒரு மூலை கெட்டு, இரண்டாவதில் தெளிந்தால் குவியத் தளம் சாய்ந்திருக்கிறது. இரண்டிலும் அதே மூலை கெட்டால் மையவிலகலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ட்ரைபாட் வளையம் உள்ள லென்ஸ் என்றால் ஒரு கூடுதல் வசதி: வளையத்தைத் தளர்த்திக் கேமராவைத் தலைகீழாகத் திருப்பி இன்னொரு முறை எடுக்கலாம். மங்கல் கேமராவோடு சேர்ந்து திரும்பினால் குறை உள்ளே, காட்சியின் அதே பக்கத்திலேயே நின்றால் குறை வெளியே. இதையெல்லாம் ஜூமின் இரு முனையிலும் நடுவிலும் செய்ய வேண்டும். 70 மி.மீ.யில் சுத்தமாக இருப்பது 200-ல் சாய்ந்திருப்பது சர்வசாதாரணம்.

டார்ச் அடித்துப் பார்ப்பது பற்றி ஒரு வார்த்தை. புது லென்ஸின் பின்பக்கத்திலிருந்து கூரிய ஒளியைப் பாய்ச்சினால் தூசி தெரியும், எல்லா லென்ஸிலும் தெரியும். இரண்டு துகள் படத்தில் எதையும் செய்யாது. நீளும் ஜூம் ஒவ்வொரு முறை நீளும்போதும் காற்றை இழுக்கிறது, சில மாதங்களில் அதுவும் தூசி வாங்கும். பழைய லென்ஸ் வாங்குபவர், அதிலும் கடலோர ஊரில் பீரோவுக்குள் கிடந்ததை வாங்குபவர், பூஞ்சை தேட டார்ச் அடிக்கட்டும். புது லென்ஸுக்கு அது வீண் கிலி.

சோதனையைவிடத் தீர்ப்பில்தான் அதிகம் தடுமாறுகிறோம். 61 மெகாபிக்ஸல் படம் 9,504 பிக்ஸல் அகலம். வழக்கமான திரையில் 100 சதவீதத்தில் பார்ப்பது, இரண்டரை மீட்டர் அகல அச்சுப் படத்தை முழங்கைத் தூரத்தில் நின்று பார்ப்பதற்குச் சமம். அங்கே தெரியும் வேறுபாடு எல்லாம் குறை ஆகாது. எஃப் 2.8-ல் முகங்களை எடுக்கும் கல்யாணப் படக்காரருக்கு, 200 மி.மீ.யில் இடது கீழ் மூலை சற்றே மென்மையாக இருப்பதால் என்ன நஷ்டம்? கோயில் மண்டபத்தை 24 மி.மீ., எஃப் 8-ல் எடுப்பவருக்கு அதே போன்ற குறை தினசரித் தலைவலி. என் அளவுகோல் இது: எஃப் 8 வரை மூடியும் ஒரு பக்கம் தேறவில்லை என்றால், அல்லது நாம் அதிகம் புழங்கும் குவியத் தூரத்தில் கோணல் பளிச்சென்று தெரிந்தால், மாற்ற வேண்டியதுதான். மற்றபடி மூன்றாவது, நான்காவது பிரதி என்று கடைக்காரரை அலைக்கழிப்பவரை எனக்கு ஒப்பவில்லை. அவர் திருப்பித் தந்தது எங்கே போகிறது? பல நேரம், சோதிக்கத் தெரியாத அடுத்த வாடிக்கையாளரிடம்.

ஆனால் இந்தப் பழி முழுவதையும் வாங்குபவர் தலையில் கட்டுவது அநியாயம். லென்ஸின் கூர்மையைக் காட்ட பெரும்பாலான நிறுவனங்கள் விளம்பரத்தில் போடும் எம்.டி.எஃப். வரைபடம் வடிவமைப்பிலிருந்து கணக்கிட்டது. செய்து முடித்த லென்ஸை அளந்து வெளியிடும் வழக்கம் ஸைஸ் போன்ற சிலருக்குத்தான். எவ்வளவு சாய்வு வரை தேர்ச்சி என்ற வரம்பு பெட்டிக்குள் இருக்கும் எந்தத் தாளிலும் கிடையாது. சர்வீஸ் சென்டரில் கொடுத்தால், "கம்பெனி வரம்புக்குள்தான் இருக்கு சார்" என்று திரும்பி வரும். வரம்பு என்ன என்று கேட்டால் பதில் இல்லை. ஜூமைச் சரிசெய்வதிலும் ஒரு சங்கடம் உண்டு: ஒரு முனையில் நிமிர்த்தினால் மறு முனையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க நேரும். அதனால் லென்ஸை ஒப்படைக்கும்போது "சாஃப்டா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வருவதில் பயனில்லை. அந்த இரும்பு ஏணியின் நான்கு மூலைப் படங்களையும், எந்தக் குவியத் தூரம், எந்த அபெர்ச்சர் என்ற குறிப்போடு ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்து, எந்த முனை நமக்கு முக்கியம் என்பதையும் ஜாப் ஷீட்டில் எழுத வைத்துவிட்டு வர வேண்டும்.