ஆக்ஸா பிளேடும் அரை மில்லிமீட்டரும்

சர்வீசுக்கு வண்டியை விட்டால் மெக்கானிக் அண்ணன் முதலில் கைவைப்பது பிளக்கில்தான். கழற்றிய பிளக்கை உப்புத்தாளில் நாலு இழுப்பு இழுப்பார். ஒடிந்த ஆக்ஸா பிளேடுத் துண்டை முனைகளுக்கு நடுவே விடுவார். வளைந்த முனையைத் தரையில் இரண்டு தட்டு தட்டி, மறுபடி பிளேடை விடுவார். லேசாக உரசிக்கொண்டு போனால் கேப் வைத்தாயிற்று. விவரம் தெரியாதவர் வேலை என்று இதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் இன்றைய காரில் இதையே செய்வதும் எனக்குச் சம்மதமில்லை.

கைரம்பத்தில் மாட்டும் ஆக்ஸா பிளேடின் கனம் ஏறத்தாழ 0.63 மில்லிமீட்டர். பழைய வண்டிகள் பலவற்றுக்கு பிளக் கேப் 0.6, 0.7 என்ற அளவில்தான் இருந்தது. பல் பக்கம் அகன்றிருக்கும் என்பதால் அண்ணன்மார் முதுகுப் பக்கத்தைத்தான் விடுவார்கள். ஃபீலர் கேஜ் வாங்க வசதியில்லாத பட்டறையில், கைக்கெட்டிய பொருளைத் துல்லியமான அளவுகோலாக்கிய அறிவு அது. சுத்தம் செய்வதற்கும் காரணம் இருந்தது. கார்புரேட்டர் சோக் போட்ட ஒவ்வொரு காலையும் பிளக்கில் கரி ஏற்றியது. 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயமில்லா பெட்ரோல் வரும்வரை ஈயப் படிவும் சேர்ந்துகொண்டது. பீங்கான்மேல் படியும் அந்த அழுக்கு வழியாக மின்சாரம் கசிந்தால், பொறி தாவ வேண்டிய இடத்தில் தாவாது.

கேப் ஏன் இத்தனை முக்கியம்? மிகக் குறுகினால் பொறி சின்னதாகும். அதில் பிறக்கும் தீக்கருவின் சூட்டை இரண்டு முனைகளுமே உறிஞ்சிவிடும். வண்டி ஐடிலில் நடுங்கும். அகன்றால் தாவுவதற்கு அதிக மின்னழுத்தம் வேண்டும். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக்கூட அந்தத் தேவையும் கூடும். அதனால்தான் பட்டறை வாசலில் சீராக ஓடும் வண்டி, ஏற்காடு மலைப்பாதையில் ஆக்சிலேட்டரை அழுத்தியதும் மிஸ் அடிக்கிறது. பலர் அதை பெட்ரோல் பம்பின் கோளாறு என்று நினைத்துச் செலவு செய்கிறார்கள். அகன்ற கேப்போடு தொடர்ந்து ஓட்டினால் காயிலும் போகும். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிடிக் கன்வர்ட்டரைச் சுட்டுவிடும்.

இனி இந்தப் பழக்கத்தின் குறைகள். உழைத்த பிளக்கின் வளைந்த முனை தட்டையாக இருக்காது. நடுமுனைக்கு எதிரே குழிவிழுந்திருக்கும். தட்டையான பிளேடு குழியின் இரு கரைகளில் பாலம்போல உட்கார்ந்து, கேப் சரி என்று சொல்லிவிடும். உண்மையான இடைவெளி குழிக்குள் இன்னும் ஆழமாக இருக்கும். அதனால் பழைய பிளக்குக்கு உருண்டைக் கம்பி கேஜ்தான் பொருந்தும். உப்புத்தாளின் மணல் பீங்கானுக்கும் இரும்புக் கூட்டுக்கும் நடுவே ஒளிந்திருந்து, பிறகு சிலிண்டருக்குள் விழுந்து சுவரைக் கீறும். மெல்லிய அரம் போட்டுத் தேய்த்தவர்களின் வேலையை நான் குறை சொல்லமாட்டேன். மின்பொறி கூரான விளிம்பிலிருந்துதான் எளிதாகத் தாவும்; மழுங்கிய விளிம்பை அரம் கூராக்கித் தந்தது.

இரிடியம் பிளக் வந்தபிறகோ அரத்துக்கும் வேலையில்லை. நிக்கல் 1,455 டிகிரி செல்சியசில் உருகும். இரிடியம் 2,446 டிகிரிவரை தாங்கும். அதனால்தான் நடுமுனையை 0.4, 0.6 மில்லிமீட்டர் ஊசியாக மெலிய வைத்து, ஏறத்தாழ ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓட்ட முடிகிறது. அந்த ஊசிமேல் உப்புத்தாளைப் போடுவதும், காசு வடிவ கேஜை அதில் முட்டுக்கொடுத்து நெம்புவதும் காசைத் தூக்கி எறிவதற்குச் சமம். ஊசி ஒடியும், இல்லையென்றால் பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். இரிடியம் பிளக் போட்ட வண்டிகளில் கேப் பெரும்பாலும் 0.8 முதல் 1.1 வரை. 1.1 வேண்டிய இடத்தில் ஆக்ஸா பிளேடை நம்பினால் பிழை கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர்.

ஒவ்வொரு சர்வீசிலும் கழற்றி மாட்டுவதற்கு மரையும் விலை கொடுக்கிறது. பிளக் மாட்டும் சிலிண்டர் ஹெட் இன்று அலுமினியம். சூடு ஆறாமல் கழற்றினால் பிளக்கோடு மரையும் பிய்த்துக்கொண்டு வரும். மாட்டும்போது கையாலேயே கடைசிவரை திருகி, புது வாஷர் என்றால் ஸ்பேனரால் அரைச் சுற்று. அமுங்கிய பழைய வாஷருக்குப் பன்னிரண்டில் ஒரு பங்குச் சுற்றே போதும். "நல்லா இறுக்கு" என்ற அன்பான கட்டளை எத்தனை ஹெட்டுகளைக் கெடுத்திருக்கிறது! லூசாக விட்டாலும் ஆபத்துதான். பிளக்கின் சூடு மரை வழியாகவும் வாஷர் வழியாகவும்தான் ஹெட்டுக்கு இறங்குகிறது.

பட்டறைப் பழக்கத்துக்கு மாற்றாகச் சொல்லப்படும் வாதம், கம்பெனியிலேயே கேப் வைத்து வருகிறது, பெட்டியைப் பிரித்து அப்படியே போடு என்பது. இதையும் நான் முழுதாக ஏற்கவில்லை. ஒரே நம்பர் பிளக் பல எஞ்சின்களுக்குப் பொருந்தும். அவை எல்லாவற்றுக்கும் ஒரே கேப் இல்லை. கடையில் ஒருமுறை கீழே விழுந்த பிளக் முனை மடங்கியும் வரலாம். கேஸ் கிட் போட்ட வண்டியில் கலவை தீப்பிடிக்கக் கூடுதல் மின்னழுத்தம் தேவை என்பதால், கேப்பைச் சற்றுக் குறைக்கச் சொல்வதும் உண்டு. ஆகவே புது பிளக்கையும் கம்பி கேஜால் அளக்கத்தான் வேண்டும். மாறியிருந்தால் நிக்கலில் வளைந்த முனையை மட்டும் மெல்ல அசைக்கலாம். இரிடியத்தில் கடையில் கொடுத்து மாற்றிக்கொள்வதே நல்லது.

பழைய பழக்கத்திலிருந்து கைவிடக்கூடாதது ஒன்று இருக்கிறது. அண்ணன் தேய்ப்பதற்கு முன் பிளக்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பாரே, அது. என் மூன்று சிலிண்டர் வண்டியின் பிளக்குகளைக் கழற்றிய வரிசையிலேயே செய்தித்தாளில் அடுக்கினார் ஒருவர். இரண்டு பிளக் இளம்பழுப்பில் காய்ந்திருந்தன. மூன்றாவது எண்ணெய் மினுங்கக் கறுத்திருந்தது. இந்த சிலிண்டரில் வால்வு சீல் போயிருக்கும், இல்லை ரிங் தேய்ந்திருக்கும் என்றார். கம்ப்ரஷன் பார்த்தோம், மூன்றிலும் சமமாக இருந்தது; ரிங்மேல் இருந்த சந்தேகம் குறைந்தது. பிரித்தபோது வால்வு சீல் கல்லாகிக் கிடந்தது.

அதற்கு முந்தைய சர்வீசில் வேறொரு இடத்தில் மூன்று பிளக்கையும் புதிதாக மாற்றியிருந்தார்கள். கழற்றியதை யாரும் பார்க்கவில்லை, எனக்கும் காட்டவில்லை.